முழங்கால் தண்ணீரில் பிறக்கும் வேளா

தலைக்கு முன்னே, இருபுறமும் பல் வைத்த வாள் நீட்டிக்கொண்டிருக்கும் மீன் வேளா. அதைச் சுறாவோடு சேர்த்துப் பேசுவதுதான் கடற்கரை வழக்கம். நீண்ட உடல், முதுகில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு துடுப்புகள், வாலை வீசி நீந்தும் நடை. இவற்றைப் பார்த்தால் வேறு எதோடு சேர்க்கத் தோன்றும்? புரட்டிப் போட்டுப் பார்த்தால் சங்கதி வேறு. செவுள் பிளவுகள் ஐந்தைந்தாக வயிற்றுப் பக்கம் இருக்கும், வாயும் அங்கேதான். சுறாவுக்குச் செவுள் எப்போதும் பக்கவாட்டில். வேளா ஒரு திருக்கை. உழுவை என்னும் கிட்டார் வடிவத் திருக்கைக்கு நெருங்கிய உறவு. வாள் போன்ற மூக்குடைய சுறா ஒன்று தனியே உண்டு. உருவில் சிறியது, வாளின் நடுவே இரண்டு மீசைகள் தொங்கும், பெரும்பாலும் ஆழக் கடலில் திரியும். நம் கரைக்கு அது சம்பந்தமில்லாத மீன்.

திருக்கை என்று சொன்னதும் வேளாவின் வாழ்க்கை பாதி விளங்கிவிடும். அது தரையை ஒட்டி வாழும் மீன். சேறும் மணலும் கலந்த தரை, கலங்கிய தண்ணீர், ஆற்று முகம், அலையாத்திக் காட்டின் ஓரம் என்று மற்ற பெரிய மீன்கள் தயங்கும் இடங்களில்தான் அதன் குடியிருப்பு. வளர்ந்த வேளா ஆழத்துக்கும் போய்வரும். ஆனால் பிறப்பதும் முதல் சில ஆண்டுகள் வளர்வதும் மனிதன் இறங்கி நடக்கக்கூடிய தண்ணீரில். உலகிலேயே மிக வேகமாக அருகிவிட்ட கடல்மீன்களில் ஒன்றாக அது ஆனதற்கு இந்த ஆழக் குறைவே முதல் காரணம் என்பது என் கணிப்பு. வாளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தண்ணீரின் ஆழத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆனாலும் வாளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அது மூக்கு அல்ல, மண்டையோட்டின் நீட்சி. குருத்தெலும்பால் ஆனது, உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இருபுறமும் துருத்தி நிற்பவற்றைப் பல் என்கிறோம், ஆனால் வாய்க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. திருக்கை, சுறாக்களின் தோலைச் சொரசொரப்பாக்கும் நுண்செதில்கள்தான் இங்கே பெரிதாகி, குருத்தெலும்புக் குழிகளில் பதிந்து நிற்கின்றன. எத்தனை பல் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். நுனி தேயத் தேய அடியிலிருந்து வளரும். வேரோடு பெயர்ந்து விழுந்தால் அந்த இடம் காலிதான், மறுபடி முளைக்காது. உண்மையான பற்கள் வாய்க்குள், மிகச் சிறியவையாய், மழுங்கலாய் இருக்கும். இரையைக் கிழிக்க உதவாது. அழுத்திப் பிடித்து விழுங்கத்தான்.

வாள் எதற்கு என்பதில் வெகுகாலம் ஊகம்தான் இருந்தது. சேற்றைக் கிளறவா, எதிரியை விரட்டவா, இரையைக் குத்தவா? ஆஸ்திரேலியாவில் பார்பரா வூரிங்கர் குழுவினர் இளம் வேளாக்களைத் தொட்டியில் வைத்துச் சோதித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். வேளா வாளை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. ஒன்று, அடிப்பது. நீரில் மிதக்கும் மீனை நோக்கிப் பக்கவாட்டில் சரேலென வீசும். அந்த அடியில் மீன் பல்லில் குத்திக்கொள்ளும், சில சமயம் இரண்டு துண்டாகும். பிறகு தரையில் வாளால் அழுத்திப் பிடித்து, தலையை வாய்க்கு நேரே திருப்பி விழுங்கும். இரண்டாவது வேலை, அறிவது. சுறாவுக்கும் திருக்கைக்கும் தோலில் கூழ் நிறைந்த நுண்துளைகள் உண்டு. 1678-ல் அவற்றை விவரித்த இத்தாலியர் ஸ்தேபனோ லொரென்சினியின் பெயரால் லொரென்சினிக் குடுவைகள் என்பார்கள். உயிருள்ள எந்த உடலைச் சுற்றியும் கசியும் மெல்லிய மின்புலத்தை இவை உணரும். வேளாவுக்கு இந்தத் துளைகள் வாள் முழுக்க நெருக்கமாகப் பரவியிருக்கின்றன. மீனே இல்லாமல், மீன் அளவுக்கு மின்புலம் மட்டும் எழுப்பிக் காட்டியபோதும் வேளா அதை அடித்தது. மேலே மிதந்த மின்புலத்தை வாளால் வீசியது, தரையில் இருந்ததை அழுத்திப் பிடித்தது.

இரையைத் தேடும் கருவியும் கொல்லும் கருவியும் ஒன்றாகவே அமைவது தாடையுள்ள மீன்களில் மிக அபூர்வம். கண் தெரியாத கலங்கலில் இதைவிடப் பொருத்தமான உறுப்பு இருக்க முடியாது. ஆற்று முகத்துக் கலங்கல் நீர் வேளாவுக்குத் தடையே இல்லை என்பதும், மடவையும் கெளிறும் இறாலும் மண்டிக் கிடக்கும் அந்த இடம் அதற்குச் சோற்றுப்பானை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

உலகில் வேளா ஐந்து இனம். இந்தியக் கடலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. பெரும்பல் வேளா: வாள் அகலம், பக்கத்துக்கு 14 முதல் 24 வரை தடித்த பற்கள், முதுகின் முதல் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். 6 மீட்டரைத் தாண்டி வளரும். பச்சை வேளா: வாள் ஒல்லி, பற்கள் அதிகம், நுனியை நெருங்க நெருங்க நெருக்கமாகும். மூன்றாவது ஒடுங்கிய வேளா, அளவில் சிறியது. வாளின் அடிப்பகுதியில் பல்லே இருக்காது. கையில் காய்ந்த வாள் ஒன்று கிடைத்தால் இந்த அடையாளங்களை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம். விஞ்ஞானிகளே இதில் நெடுங்காலம் தடுமாறினார்கள். பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ், மைக்ரோடான், பெரோட்டெட்டி என மூன்று பெயரில் எழுதப்பட்டவை ஒரே பெரும்பல் வேளாதான் என்று 2013-ல் மரபணுவும் உடலமைப்பும் ஒப்பிட்டு நிறுவினார்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம்.

வேளா முட்டையிடுவதில்லை, குட்டி போடும். பெரும்பல் வேளாவுக்குக் கர்ப்பம் ஏறக்குறைய ஐந்து மாதம், ஈற்றுக்குச் சராசரியாக ஏழு குட்டி. அமெரிக்காவின் சிறுபல் வேளாவுக்கு ஒரு வருடம். ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இரண்டு வருட இடைவெளி. குட்டி முக்கால் மீட்டர் நீளத்தில் வாளோடேயே பிறக்கிறது. தாய்க்குக் காயம் படாதபடி வாள் வளையக்கூடியதாகவும் பற்கள் சவ்வுறையால் மூடப்பட்டும் இருக்கும். பிறந்த சில நாளில் உறை கழன்றுபோகும். அதன்பிறகு தாய்க்கும் குட்டிக்கும் ஒட்டுறவில்லை. குட்டியைக் காப்பது இடம்தான்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்பது புளோரிடாவில் நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது. அங்கே குட்டிகள் செவ்வலையாத்தியின் வேர்களை ஒட்டி, ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் கிடக்கின்றன. ஏற்றத்தில் வேர்களுக்குள் நுழைந்து, வற்றத்தில் சேற்றுத் திட்டோரம் ஒதுங்கும். பெரிய சுறாக்களால் அங்கே வர முடியாது. இரையும் காலடியிலேயே. முதல் ஆண்டிலேயே உடல் நீளம் இரட்டிப்பாகிறது. இந்த அவசர வளர்ச்சிக்கும் அர்த்தம் உண்டு, சீக்கிரம் பெரிதானால்தான் யாரும் விழுங்க முடியாது.

பெரும்பல் வேளா இன்னும் ஒரு படி உள்ளே போகிறது, நன்னீருக்கே. மேற்கு ஆஸ்திரேலியாவின் பிட்ஸ்ராய் ஆற்றில் கடலோரம் பிறக்கும் குட்டிகள் ஆற்றில் ஏறி, நாலைந்து ஆண்டுகள் நன்னீரிலேயே வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. கடல் திருக்கைக்கு இது சாதாரணக் காரியம் அல்ல. அதன் இரத்தத்தில் யூரியா நிறைந்திருப்பதால்தான் கடலில் நீர்ச்சத்தை இழக்காமல் வாழ்கிறது. அதே உடலோடு ஆற்றில் நுழைந்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்து ஊதிப்போக வேண்டும். வேளா யூரியாவை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது, நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றுகிறது. மலேயாவின் பேரா ஆற்று வேளாக்களை வைத்து உடலியலாளர் ஹோமர் ஸ்மித் இதை 1931-லேயே எழுதிவிட்டார்.

பிட்ஸ்ராயில் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தவர்கள் கண்ட ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெருவெள்ளம் வந்த ஆண்டுகளில் குட்டிகள் ஏராளம். மழை குறைந்த ஆண்டுகளில் கிட்டத்தட்ட இல்லை. வெள்ளம் இருந்தால்தான் குட்டி முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே ஏற முடியும், குட்டைகள் ஒன்றோடொன்று இணையும். காம்பலின் தடுப்பணைக்குக் கீழே குட்டிகள் தேங்கி நிற்பதும், அங்கே முதலைக்கும் காளைச்சுறாவுக்கும் இரையாவதும் பதிவாகியிருக்கின்றன. ஆக, ஒரு கடல்மீனின் அடுத்த தலைமுறை அந்த வருடத்து மழையையும் ஆற்றின் குறுக்கே கட்டிய சுவரையும் பொறுத்து அமைகிறது. ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று நம் ஊரில் ஆண்டுதோறும் எழும் புலம்பலை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

காவிரி முகத்தில் வேளாவுக்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் வேட்டைக்குப் போகாமல், தாழம்பூச் சூடி, பனங்கள் குடித்துக் கொண்டாடுகிறார்கள். அன்று அவர்கள் வழிபடும் தெய்வம் 'சினைச் சுறவின் கோடு நட்டு' மனையில் சேர்த்தது. நட்டு நிறுத்தும்படியான கொம்புள்ள சுறா நம் கடலில் வேளாவைத் தவிர வேறில்லை என்பதால், அறிஞர் பலரும் இதை வேளாவின் வாள் என்றே கொள்கிறார்கள். எனக்கு அந்தச் 'சினை' மேல்தான் கண். புலவர் ஏன் கர்ப்பிணியைச் சொல்ல வேண்டும்? கருவுற்ற பெரிய பெண் வேளா குட்டி போடக் கரையோரம், ஆற்று முகம் தேடி வருகிறது. கட்டுமரமும் நார்வலையும் வைத்திருந்தவனுக்கு ஆள் உயரத்தை விஞ்சிய வேளா எட்டும் காலம் அது ஒன்றுதான். கரையில் கிடந்த பெரிய வேளாவை அறுத்தபோதெல்லாம் உள்ளே குட்டி இருந்திருக்கும். இது என் ஊகம், ஆனால் உயிரியலோடு இடிக்கவில்லை.

நார்வலைக் காலத்தில் வேளா தப்பிப் பிழைத்தது. நைலான் வந்தபின் தப்பவில்லை. சுறாவோ திருக்கையோ வலைக்கண்ணில் மோதித் திரும்பிப் போகலாம், வேளாவால் முடியாது. நுனி நுழைந்ததும் தன் இயல்புப்படி தலையைப் பக்கவாட்டில் வீசும், வீசும் ஒவ்வொரு முறையும் இன்னும் சில கண்கள் பல்லில் மாட்டும். எந்த அளவு கண்ணாக இருந்தாலும் எந்த வயது வேளாவும் சிக்கும். குட்டியை விட்டுப் பெரியதை மட்டும் பிடிக்கிற வலை என்று ஒன்றை வேளாவுக்கு வைத்துப் பேச வழியில்லை. தரையில் கட்டும் திருக்கைவலையும் வழிவலையும் விசைப்படகின் இழுவை மடியும் அதற்கு ஒன்றுதான்.

இதோடு மெதுவான இனப்பெருக்கத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பல் வேளா குட்டி போடத் தயாராக எட்டுப் பத்து வருடமாகும். ஒடுங்கிய வேளா மட்டும் இரண்டு மூன்று வருடத்தில் முதிர்ந்துவிடும்; மற்றவை மறைந்த பல கரைகளில் அது கொஞ்ச காலம் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிகராகுவா ஏரியில் நடந்தது இந்தக் கணக்கின் விடை. கடலோடு ஆற்றால் இணைந்த அந்த நன்னீர் ஏரியில் வேளா மண்டிக் கிடந்தது. தாமஸ் தார்சன் அங்கே அடையாளச் சீட்டு கட்டி அதன் வாழ்க்கையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970-களில் வணிக மீன்பிடிப்பு பெரிய அளவில் தொடங்கியது. பத்தே ஆண்டில் பிடிக்க வேளா இல்லை. 1980-களின் தொடக்கத்தில் தடை வந்தது, கூட்டம் இன்றுவரை பழைய நிலைக்கு மீளவில்லை.

துடுப்புக்கு விலை அதிகம் என்பதும் சேர்ந்துகொண்டது. சுறாத் துடுப்பு வணிகத்தில் வேளாத் துடுப்பு உயர்ந்த தரம். வாள் சுவரில் மாட்டப் போகும். தென் அமெரிக்காவில் சில இடங்களில் சேவல்சண்டைக்கு அதன் பல்லைச் சேவலின் காலில் கட்டுகிறார்கள். இந்த வியாபாரத்தை உலக அளவில் முடக்க 2007-ல் நாடுகள் பெரும்பாலான வேளா இனங்களை, அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்தன. எஞ்சியிருந்ததும் 2013-ல் சேர்ந்தது. ஐந்து இனங்களும் இன்று அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற வரிசையில்தான் உள்ளன.

2021-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒருகாலத்தில் வேளா இருந்த 90 நாடுகளில் 46-ல் குறைந்தது ஓர் இனமாவது மறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. இன்னும் முயன்றால் காப்பாற்ற முடியும் என்று அது பட்டியலிட்ட எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அங்கே மீனவர்களிடம் கேட்டுத் திரட்டிய விவரங்களில் ஒரு பிளவு தெரிகிறது: மூத்தவர்கள் வேளாவைப் பிடித்த கதை சொல்கிறார்கள், இளையவர்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. பாக் நீரிணையின் இந்தப் பக்கமும் நிலைமை வேறாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு வேளா கரைக்கு வந்தால் ஆய்விதழில் தனிக் குறிப்பாக எழுதுகிற அளவுக்கு அது அரிதாகிவிட்டது.

இந்தியாவில் 2001 முதல் வேளா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பு. பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. காகிதத்தில் இதைவிட வலுவான காப்பு கிடையாது. ஆனால் வேளாவை யாரும் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை, தானாக வலையில் விழுகிறது. தண்டனை பயத்தில் மீனவர் அதை விடுவிப்பார் என்று எதிர்பார்ப்பதைவிட, சொல்லாமல் மறைப்பார் என்று எதிர்பார்ப்பதே நடைமுறை. மகாராஷ்டிரம் வேறு வழி கண்டது. காக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டத்தை 2018-ல் தொடங்கியது. நம் பாக் விரிகுடாவிலும் வலையில் சிக்கிய ஆவுளியா என்னும் கடல்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசு தந்திருக்கிறது. அதை வேளாவுக்கு நீட்டிப்பதில் பெரிய செலவு ஏதுமில்லை, சிக்குவதே அபூர்வம் என்பதால்.

சட்டம் மீனைக் காக்கிறது, தண்ணீரைக் காக்கவில்லை என்பது இரண்டாவது குறை. புளோரிடாவில் இரண்டையும் செய்தார்கள். 1992-ல் வேளா பிடிக்கத் தடை. 1995-ல் மாநிலக் கரையோரக் கடலில் சிக்குவலைகளுக்கே தடை. 2003-ல் அமெரிக்கக் கூட்டரசு சிறுபல் வேளாவை அழியும் இனமாக அறிவித்தது. கடல்மீன் ஒன்றுக்கு அந்நாட்டில் அதுவே முதல்முறை. பிறகு 2009-ல் குட்டிகள் வளரும் இரண்டு கழிமுகப் பகுதிகளை வரையறுத்தார்கள். அந்த வரையறையில் செவ்வலையாத்தியும், மூன்று அடிக்கு மேற்படாத ஆழமும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆழத்தைச் சட்டத்தில் எழுதிய அந்த வரிதான் நான் மேலே சொன்ன கணிப்புக்கு ஆதாரம். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் காடாகக் காக்கப்படுகின்றன. அவற்றை ஒட்டிய முழங்காலளவுச் சேற்று நீர் யாருடைய பட்டியலிலும் தனியாக இல்லை.

புளோரிடாவின் கதையும் முழு வெற்றி அல்ல. கூட்டம் சிறுத்துப்போனதன் அறிகுறி ஒன்று 2015-ல் தெரிந்தது: மரபணு சோதித்த 190 வேளாக்களில் ஏழு, தந்தையே இல்லாமல் பிறந்தவை. பெண் தன் முட்டையிலிருந்து தானே குட்டியை உருவாக்கியிருக்கிறது. ஆணும் பெண்ணும் கூடிப் பெருகும் முதுகெலும்பிகளில் இது காட்சிக்கூடங்களில் அவ்வப்போது நடப்பதுண்டு. அத்தகைய உயிர்களில், இயற்கையில் அப்படிப் பிறந்தவை பிழைத்துத் திரிவது வேளாவில்தான் முதலில் காணப்பட்டது. ஆண் கிடைக்காத நிலையில் இது கடைசிக் கைச்சரக்கு, இனத்தை மீட்கும் வழி அல்ல. 2024 தொடக்கத்தில் புளோரிடா கீஸ் தீவுகளை ஒட்டி மீன்கள் வட்டமடித்துச் சுழன்று செத்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட வேளாக்கள் மாண்டன, அவற்றில் பல பெரிய, முதிர்ந்த மீன்கள். கடல்தரையில் வளரும் நுண்பாசிகளின் நஞ்சு மீதுதான் சந்தேகம் விழுந்திருக்கிறது. தரையோடு ஒட்டி வாழ்கிற மீனுக்குத் தரையில் வளர்வது நஞ்சானால் போக்கிடம் இல்லை.

வலையில் வேளா விழுந்துவிட்டால் செய்ய வேண்டியதைப் பல நாடுகளின் மீன்வளத் துறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்கின்றன. படகில் ஏற்றக்கூடாது, தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும். வாளின் பக்கவாட்டு வீச்சுக்கு எட்டாமல் நிற்க வேண்டும். ஆள் காயப்படுவது அங்கேதான். நீளக் கைப்பிடியுள்ள கத்தியால் வலையை வாளின் நீளவாக்கில் அறுத்துக்கொண்டே வந்தால் பற்கள் ஒவ்வொன்றாக விடுபடும். வலையைக் காப்பாற்ற வாளை வெட்டிவிட்டு மீனை மட்டும் விடுவது பல கரைகளில் நடக்கிறது. உயிரோடுதானே விட்டோம் என்று அதற்குச் சமாதானமும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி வாளிழந்த வேளாவைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அது இரை பிடிக்க முடியாமல் மெலிந்து கிடந்தது.